பேட்டரி செயின்சா பராமரிப்பு: சுத்தம் செய்வதிலிருந்து எடுத்து வைப்பது வரை, வரிசை மாறாமல்

பேட்டரி செயின்சாவில் இழுக்கும் கயிறு இல்லை, கார்புரேட்டர் இல்லை, பிளக் இல்லை. அதனால் பராமரிப்பே இல்லை என்று நினைத்து வாங்குபவர்கள் அதிகம். குறைந்திருப்பது இன்ஜின் வேலை மட்டும்தான். அறுக்கும் செயின், அது ஓடும் பார், ஆயில் பம்பு, பிரேக் எல்லாம் பெட்ரோல் மெஷினில் உள்ளதைப் போலத்தான். கூடவே லித்தியம் பேட்டரி என்று ஒரு புதுப் பொறுப்பும் சேர்ந்திருக்கிறது.

புதிதாகக் கையாள்பவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் வேலை தெரியாமல் அல்ல, வரிசை தெரியாமல். பிசின் ஒட்டிய பல்லை அராவினால் அரம் அடைத்துக்கொள்ளும். விளிம்பைச் சரிசெய்யாத பாரில் செயினை எவ்வளவு பார்த்து இறுக்கினாலும் இறுக்கம் நிற்காது. பேட்டரியைக் கழற்றாமல் மற்ற எதைத் தொட்டாலும் அது விரலோடு விளையாட்டு. கீழே உள்ள படிகளை எண் வரிசையிலேயே செய்யுங்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

தடித்த தோல் கையுறை, கண்ணாடி, பழைய பெயின்ட் பிரஷ் ஒன்று, பல் துலக்கும் பிரஷ் ஒன்று, பஞ்சு உதிராத துணி, மெஷினோடு வந்த ஸ்பேனர், பார் ஆயில், மார்க்கர் பேனா. அராவுவதற்கு உருட்டு அரம், அதைப் பிடிக்கும் கைடு, தட்டை அரம், டெப்த் கேஜ் (பல்லுக்கு முன்னால் நிற்கும் மேடு) அளக்கும் தகடு. பாரைப் பிடிக்க ஒரு வைஸ் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

உருட்டு அரத்தின் விட்டம்தான் முதல் தவறு நடக்கும் இடம். அது செயினின் பிட்ச் (கண்ணிகளுக்கு இடையே உள்ள இடைவெளி) அளவைப் பொறுத்தது. 3/8 அங்குல லோ புரொஃபைல் செயினுக்கு 4.0 மி.மீ., 0.325 அங்குலச் செயினுக்கு 4.8 மி.மீ., 1/4 அங்குலச் செயினுக்குப் பொதுவாக 4.0 மி.மீ. அரம் வேண்டும். கிளை வெட்டும் குட்டி மெஷின்களில் வரும் மெல்லிய 1/4 அங்குலச் செயின்களுக்கு 3.2 மி.மீ. போதும். செயின் வந்த அட்டைப்பெட்டியில் வேறு அளவு இருந்தால் அதுவே முடிவு. பெரிய அரத்தால் அராவினால் பல்லின் கொக்கி போன்ற வளைவு மழுங்கிப்போகும். சின்ன அரம் பல்லின் அடியைக் குடைந்துவிடும், முனை மெலிந்து ஒரே நாளில் கூர் போய்விடும்.

பாரின் பின்பகுதியில் பிட்ச், காடியின் (செயின் ஓடும் பள்ளம்) அகலம், டிரைவ் லிங்க் (காடிக்குள் இறங்கி ஓடும் கண்ணி) எண்ணிக்கை மூன்றும் பொறித்திருக்கும். பொறிப்பு தேய்ந்து அழிவதற்குள் ஒரு சீட்டில் எழுதி சார்ஜரின் முதுகில் ஒட்டி வையுங்கள். புதுச் செயின் வாங்கப் போகும்போது “14 இஞ்ச் செயின்” என்று மட்டும் கேட்டால், 1.1 மி.மீ. காடிக்கு 1.3 மி.மீ. செயினை வாங்கி வந்து மாட்ட முடியாமல் நிற்பீர்கள்.

2. முதலில் பேட்டரி வெளியே

செயினைத் தொடும் எந்த வேலைக்கும், உறையை மாட்டுவதற்கும்கூட, பேட்டரி கழன்றிருக்க வேண்டும். பெட்ரோல் மெஷின் அணைந்திருக்கிறதா இல்லையா என்று காதுக்குத் தெரியும். பேட்டரி மெஷின் தயாராக நிற்கும்போதும் ஊமைதான். கைப்பிடியைச் சுற்றிப் பிடித்துத் திருப்பும்போது லாக் பட்டனும் சுவிட்சும் ஒரே பிடியில் அமுங்கிவிடலாம்.

கழற்றிய பேட்டரியை அதே மேசையில் வைக்காமல் எட்டாத தூரத்தில் வையுங்கள். பிறகு சுவிட்சை ஒரு முறை அழுத்திப் பாருங்கள். ஒன்றும் நடக்கவில்லை என்றால் தொடரலாம். பிரேக் வைக்கும் முன்கை கார்டை (முன் கைப்பிடிக்கு எதிரே நிற்கும் தடுப்பு) இப்போது பின்னால் இழுத்து விடுவித்து வையுங்கள். பிரேக் விழுந்த நிலையில் மூடியைக் கழற்றினால் சில மாடல்களில் அதைத் திரும்ப மாட்டுவது பெரும்பாடு.

3. பிரித்து, ஈரம் படாமல் சுத்தம்

முதலில் மூடியின் நட்டைச் சற்றே தளர்த்தி, செயின் இறுக்கத்தைத் தளர்த்துங்கள். அதன் பின் நட்டை முழுதாகக் கழற்றினால் பார் தானாகச் சரிந்து வரும். இறுக்கத்தோடு பிடுங்கினால் இறுக்கும் பின் (பாரை நகர்த்தும் சிறு முளை) வளையும்.

மூடியைத் திறந்ததும் செயினைச் சுழற்றும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டைச் சுற்றி ஆயிலும் மரத்தூளும் சேர்ந்து களிமண் மாதிரி அப்பியிருக்கும். இதை மெனக்கெட்டு எடுக்கக் காரணம் உண்டு. இந்தக் களிதான் ஆயில் வெளிவரும் துளையை அடைக்கிறது, பிரேக் பட்டையை வழுக்க வைக்கிறது, ஈரத்தைப் பிடித்து வைத்துத் துருவை வரவழைக்கிறது. பெயின்ட் பிரஷால் தள்ளி, மூலையில் இருப்பதை மெல்லிய மரக்குச்சியால் சுரண்டுங்கள். பனை வகை மரங்களை அறுத்திருந்தால் நார் ஸ்ப்ராக்கெட்டின் அச்சில் நூல்கண்டு போலச் சுற்றியிருக்கும். அதைக் கத்தியால் கீறாமல் கொக்கியால் இழுத்து எடுங்கள். பக்கத்திலேயே ரப்பர் சீல் இருக்கிறது.

தண்ணீர் பீய்ச்சிக் கழுவவே கூடாது. மழைத்தூறலைத் தாங்கும் என்று பெட்டியில் போட்டிருந்தாலும் பிரஷர் வாஷர் வேறு கணக்கு. கம்ப்ரஸர் காற்றை மோட்டார் துளைகளுக்குள் நேராக அடிப்பதும் தவறு. வெளியே வர வேண்டிய தூள் பேரிங்குக்கும் சர்க்யூட்டுக்கும் போய்ச் சேரும். துளைகளை வெளிப்பக்கமாக பிரஷால் தட்டி விட்டாலே போதும். பேட்டரி உட்காரும் இடத்தின் உலோகத் தகடுகளை உலர்ந்த துணியால் துடையுங்கள். அங்கே எந்த ஸ்ப்ரே ஆயிலும் வேண்டாம், தூள் வந்து ஒட்டிக்கொள்ளும்.

செயினில் பிசின் கருப்பாக இறுகியிருந்தால், காற்றோட்டமான வெளியிடத்தில் மண்ணெண்ணெயில் அரை மணி நேரம் ஊற வைத்துத் தேயுங்கள். பிறகு நன்றாக உலர விட்டு உடனே ஆயில் தடவுங்கள். மண்ணெண்ணெய் ரிவெட்டுக்குள் இருந்த ஆயிலையும் சேர்த்துக் கழுவிவிடுகிறது. அப்படியே மாட்டி ஓட்டினால் ஒவ்வொரு ரிவெட்டும் உலர்ந்து தேயும்.

4. எது தேறும், எது தேறாது

சுத்தமான பின்தான் விரிசல் கண்ணுக்குத் தெரியும், அதனால் பரிசோதனை இந்த இடத்தில் வருகிறது. செயினை ஒவ்வொரு கண்ணியாக விரல்களுக்கிடையே மடக்கிப் பாருங்கள். மடங்காமல் முரண்டும் கண்ணி, ஆடும் ரிவெட், விரிசல் கண்ட தகடு, அடிமுனை நசுங்கிய டிரைவ் லிங்க் இவற்றில் எது இருந்தாலும் அந்தச் செயினை ஒதுக்குங்கள். பெரும்பாலான பற்களின் மேல்தகட்டில் சாய்வாக ஒரு கோடு இருக்கும். அராவி அராவி அந்தக் கோட்டைத் தொட்டுவிட்டால், அல்லது பல்லின் நீளம் 4 மி.மீ. அளவுக்குக் குறைந்துவிட்டால் செயினின் ஆயுள் முடிந்தது.

ஸ்ப்ராக்கெட்டில் செயின் பதிந்த தடம் இருக்கும். தடம் சுமார் 0.5 மி.மீ. ஆழத்தைத் தாண்டினால் மாற்ற வேண்டும். தேய்ந்த ஸ்ப்ராக்கெட்டில் புதுச் செயினைப் போடுவது கிழிந்த செருப்பில் புதுக் காலுறையோடு நடப்பது போல. புதுசும் சீக்கிரம் கெடும். இரண்டு செயினுக்கு ஒரு ஸ்ப்ராக்கெட் என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் சரியாக வரும்.

மூடிக்கு அருகே, செயினுக்குக் கீழே, சிறிய கொக்கி போல ஒரு பாகம் துருத்திக்கொண்டிருக்கும். செயின் அறுந்தால் அது பின்னால் வந்து கையில் அடிக்காமல் பிடிப்பது அதுதான். உடைந்திருந்தால் மாற்றும்வரை மெஷினை ஓட்டாதீர்கள்.

5. பார்: முதலில் விளிம்பு, பிறகு காடி

பாரின் இரண்டு விளிம்புகளும் வேலையில் நசுங்கி வெளிப்பக்கமாகப் பிசிர் தள்ளும். மரக்குச்சியால் விளிம்பின் ஓரமாகத் தடவினால் தட்டுப்படும். கையுறையைக் கழற்றி விரலால் தேய்த்துப் பார்க்காதீர்கள், பிளேடு மாதிரி கிழிக்கும். தட்டை அரத்தால் முதலில் பக்கவாட்டுப் பிசிரை எடுத்து, பிறகு அரத்தை விளிம்பின் மேல் செங்குத்தாக வைத்து இரண்டு பக்கமும் ஒரே உயரத்துக்கு வரும்படி சமப்படுத்துங்கள். ஒரு விளிம்பு தாழ்ந்திருந்தால் செயின் சாய்ந்து ஓடும், அறுவை வளைந்து போகும்.

அராவிய இரும்புத்தூள் காடிக்குள்தான் விழும். ஆகவே காடியைச் சுத்தம் செய்வது இதற்குப் பின்னால். காடிக்குள் போகும் அளவுக்கு மெல்லிய தகடு ஒன்றைச் செருகி முழு நீளத்துக்கும் இழுங்கள். ஈரமான கருப்புத் தூள் நாடா நாடாவாக வெளியே வரும். பின்பகுதியில் உள்ள ஆயில் துளையை மெல்லிய கம்பியால் குத்தித் திறங்கள். செயின் காய்ந்து புகைந்தால் “பம்பு போய்விட்டது” என்று சர்வீஸுக்குத் தூக்குவார்கள். பாதிக்கு மேல் இந்தத் துளை அடைப்புதான்.

முனையில் சிறிய சக்கரம் இருந்தால் விரலால் சுற்றிப் பாருங்கள், தடையில்லாமல் சுழல வேண்டும். பக்கத்தில் கிரீஸ் துளை உள்ள பார் என்றால் கிரீஸ் போடுங்கள். துளை இல்லாத பாரில் தேடி அலைய வேண்டாம்.

திரும்ப மாட்டும்போது பாரைத் தலைகீழாகத் திருப்பிப் போடுங்கள். அறுக்கும் பளு பெரும்பாலும் கீழ் விளிம்பில் விழுவதால் திருப்பாத பார் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து சீக்கிரம் போய்விடும். பெயர் தலைகீழாகத் தெரிவதால் ஒன்றும் ஆகாது. சில மெஷின்களில் இறுக்கும் தட்டு பாரிலேயே திருகப்பட்டிருக்கும். அதை மட்டும் கழற்றி மறுபக்கம் மாட்ட மறக்காதீர்கள்.

6. மாட்டுவதும் இறுக்குவதும்

செயின் எந்தப் பக்கம் பார்த்திருக்க வேண்டும் என்பதில் குழப்பமே வேண்டாம். பாரின் மேல்பக்கத்தில் உள்ள பற்களின் கூர் பாரின் முனையை நோக்கி இருக்க வேண்டும். தலைகீழாக மாட்டிவிட்டு “அறுக்கவே மாட்டேங்குது” என்பவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம்.

செயினை முதலில் ஸ்ப்ராக்கெட்டில் போட்டு, பாரை உட்காரவைத்து, இறுக்கும் பின் பாரின் துளைக்குள் நிஜமாகவே நுழைந்திருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். நுழையாமல் மூடியை இறுக்கினால் பின் வளையும், அல்லது மூடி வெடிக்கும். நட்டை விரல் பலத்துக்கு மட்டும் திருகி வையுங்கள்.

இனி பாரின் முனையைக் கையால் மேலே தூக்கிப் பிடித்தபடியே இறுக்கும் திருகைத் திருப்புங்கள். தூக்கிப் பிடித்திருக்கும்போதே நட்டை முழுதாக இறுக்குங்கள். தூக்காமல் இறுக்கினால், அறுக்கும்போது மரம் பாரை மேலே தள்ளும், அதோடு நீங்கள் வைத்த இறுக்கமும் போகும். இரண்டு நிமிடத்தில் செயின் தொங்குகிறது என்றால் காரணம் இதுதான்.

இறுக்கம் சரியா என்று பார்க்க, பாரின் கீழ்ப்பக்கம் நடுவில் செயினைப் பிடித்துக் கீழே இழுங்கள். இரண்டு மூன்று மி.மீ. இறங்கி, விட்டதும் சட்டென்று பாரோடு ஒட்ட வேண்டும். டிரைவ் லிங்க்கின் முனை காடியைவிட்டு முழுதும் வெளியே வந்தால் தளர்வு. கையுறையோடு செயினை முன்னோக்கி இழுத்தால் லேசாக நகர வேண்டும். நகர மறுத்தால் அதிக இறுக்கம், அதை மோட்டார் பேட்டரியைக் குடித்துத்தான் ஓட்டும்.

இது குளிர்ந்த செயினுக்கான கணக்கு. வேலையில் செயின் சூடாகி நீளும், நடுவே நிறுத்தி இறுக்க வேண்டி வரும். அப்படிச் சூட்டில் இறுக்கிய செயினை வேலை முடிந்ததும் தளர்த்திவிடுங்கள். ஆறும்போது அது சுருங்கி, பாரையும் ஸ்ப்ராக்கெட் அச்சின் பேரிங்கையும் இரவெல்லாம் இழுத்துப் பிடித்திருக்கும். புதுச் செயின் என்றால் முதல் நாலைந்து அறுவைக்குள்ளேயே நீளும், ஒவ்வொன்றுக்கும் இடையில் பார்க்க வேண்டும்.

7. கூர் தீட்டுவது

பேட்டரி முன்பு போல நிற்பதில்லை என்ற புகாரில் முதல் சந்தேகம் செயின்மேல்தான் விழ வேண்டும். பெட்ரோல் மெஷினில் செயின் மழுங்கினால் இன்ஜின் முனகும். மின்மோட்டார் முனகாது, அதே வேலைக்கு அதிக மின்சாரத்தை இழுத்துக்கொண்டு ஓடும். அடையாளம் கீழே விழும் தூளில் இருக்கிறது. கூரான செயின் கனமான சீவல்களைத் தள்ளும், மழுங்கியது மாவு மாதிரி தூளைத் தள்ளும். தன் எடைக்கே இறங்க வேண்டிய மெஷினை நீங்கள் அழுத்த வேண்டியிருந்தாலும் தீட்டும் நேரம்தான்.

பாரை வைஸில் பிடித்து பிரேக்கை விழ வையுங்கள். செயின் நகராது. அடுத்த பற்களுக்குப் போகும்போது விடுவித்துச் செயினை நகர்த்தி மீண்டும் பிரேக். அராவும் நேரத்துக்கு மட்டும் செயினைச் சற்றே கூடுதலாக இறுக்கிக்கொண்டால் பல் ஆடாது.

வெளிச்சத்தை நோக்கிப் பல்லைச் சாய்த்துப் பாருங்கள். கூர் போன முனையில் மயிரிழை போல ஒரு வெள்ளைக் கோடு மின்னும். மழுங்கி உருண்ட விளிம்பு ஒளியைத் திருப்பி அனுப்புவதால் அப்படித் தெரிகிறது. கூரான விளிம்பில் ஒளி தங்க இடமில்லை, ஒன்றும் மின்னாது. அந்தக் கோடு மறையும்வரை அராவ வேண்டும், மறைந்ததும் நிறுத்த வேண்டும். இதைப் பார்க்கப் பழகிவிட்டால் “எத்தனை இழுப்பு” என்ற கேள்விக்கே வேலையில்லை.

முதலில் மிகக் குட்டையான, மிக மோசமாக அடிவாங்கிய பல்லைத் தேடி மார்க்கரால் குறியிடுங்கள். அதை வெள்ளைக் கோடு மறையும்வரை அராவிவிட்டு, மற்ற எல்லாப் பற்களையும் அதன் நீளத்துக்குக் கொண்டுவருவதே வேலை. நன்றாக இருக்கும் பல்லிலிருந்து தொடங்கினால் கடைசியில் குட்டைப் பல் தனியாக நிற்கும். அது மரத்தைத் தொடாது, அடுத்த பல் அதன் பங்கையும் சேர்த்து இழுக்கும், மெஷின் தடதடக்கும்.

அரத்தைக் கைடில் மாட்டி, கைடில் உள்ள கோடு பாருக்கு இணையாக இருக்கும்படி வையுங்கள். பெரும்பாலான செயின்களுக்குக் கோணம் 30 டிகிரி, சிலவற்றுக்கு 25. பல்லின் மேல்தகட்டுக் கோடே அதைக் காட்டும். அரத்தின் விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 4 மி.மீ. அரத்தில் 0.8 மி.மீ., பல்லின் மேல்தகட்டுக்கு மேலே தெரிய வேண்டும். கைடு இருந்தால் இதை அதுவே பார்த்துக்கொள்ளும்.

உள்ளிருந்து வெளியே தள்ளும்போது மட்டும் அழுத்தம். திரும்பும்போது அரத்தைத் தூக்கிவிடுங்கள். இரண்டு பக்கமும் தேய்த்தால் பல் மேலும் மழுங்கும், அரமும் போகும். அரத்துக்கு ஆயில் போட வேண்டாம். ஒரு பக்கப் பற்கள் முழுதையும் ஒன்று விட்டு ஒன்றாக முடித்துவிட்டு, மெஷினைத் திருப்பி மறுபக்கம். பற்களின் நீளம் இரு பக்கமும் சமமாக இருக்கட்டும். வலக்கைக்காரர்களுக்கு ஒரு பக்கம் எப்போதும் வசமாக வரும், அந்தப் பக்கப் பற்கள் கூர்ந்துவிடும், பிறகு அறுவை கத்தரிக்கோல் போட்டது மாதிரி ஒரு பக்கம் வளையும். பார் கோணல் என்று சொல்லி மாற்றுவதற்குள் பற்களின் நீளத்தை அளந்து பாருங்கள்.

கல்லிலோ ஆணியிலோ ஒரு நொடி பட்ட செயினை இரண்டு இழுப்பில் சரிசெய்ய முடியாது. முனை உடைந்த அளவுக்கு எல்லாப் பற்களையும் குறைக்க வேண்டும். அதிகம் போனால் கடை சாணையில் கொடுப்பதே லாபம்.

8. டெப்த் கேஜ்: அவசரம் கூடாத இடம்

ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் சுறாத் துடுப்பு போல ஒரு மேடு நிற்கிறது. பட்டறையில் ரேக்கர் என்பார்கள். பல் ஒரு தடவையில் எவ்வளவு மரத்தைக் கடிக்கலாம் என்று அது முடிவு செய்கிறது. பல்லின் மேல்தகடு பின்பக்கம் சரிந்திருப்பதால், அராவ அராவப் பல்லின் உயரம் குறையும், ரேக்கர் மட்டும் அப்படியே நிற்கும். கூராக இருந்தும் செயின் தூள்தான் தள்ளுகிறது என்றால் ரேக்கர் உயர்ந்துவிட்டது.

நாலைந்து முறை தீட்டியபின் அளவுத் தகட்டைச் செயினின் மேல் வையுங்கள். துளைக்கு மேலே ரேக்கர் துருத்தினால் அந்தத் துருத்தலை மட்டும் தட்டை அரத்தால் எடுங்கள். சிறிய செயின்களுக்கு இடைவெளி பொதுவாக 0.65 மி.மீ. பிறகு ரேக்கரின் முன்முனையை மறுபடி உருண்டையாக்குங்கள்.

“இன்னும் கொஞ்சம் குறைத்தால் வேகமாக அறுக்கும்” என்று கண்ணளவில் குறைப்பது ஆபத்து. பல் அளவுக்கு மேல் கடிக்கும், பேட்டரி மெஷின் ஓவர்லோடு என்று நின்று நின்று போகும். அதைவிட மோசம், முனை எதிலாவது பட்டால் மெஷின் முகத்தை நோக்கி எகிறும் வேகம் கூடும். ஒரு முறை தாழ்த்திய ரேக்கரை உயர்த்த வழியில்லை.

முடிந்ததும் இரும்புத்தூளை பிரஷால் தட்டி, செயினை வேலைக்கான இறுக்கத்துக்குத் தளர்த்துங்கள். இதை மறந்து ஓட்டுபவர்கள் உண்டு.

9. ஆயில்

டேங்க் மூடியைச் சுற்றித் துடைத்த பின்பே திறங்கள். விழும் ஒரு சிட்டிகை மரத்தூள் உள்ளே இருக்கும் ஃபில்டரில் போய் உட்காரும். பார் ஆயிலில் செயினோடு ஒட்டிக்கொள்ளும் பொருள் சேர்த்திருக்கும். முனையில் திரும்பும்போது தெறிக்காமல் அதுதான் பிடிக்கிறது. இன்ஜினில் ஓடிக் கழிந்த கருப்பு ஆயிலை ஊற்றாதீர்கள். உலோகத்துகள் பம்பைத் தேய்க்கும், தெறிக்கும் ஆயில் தோலுக்கும் மூச்சுக்கும் கெடுதல். பேட்டரி மாற்றும் ஒவ்வொரு முறையும் ஆயில் அளவைப் பாருங்கள், தனியாக நினைவு வைக்கத் தேவையிருக்காது.

10. பேட்டரி போட்டுச் சோதனை

கழற்றிய பேட்டரி இப்போதுதான் திரும்ப வருகிறது. தரையில் உறுதியாக நின்று, இரண்டு கையாலும் பிடித்து, பாரின் முனையை ஒரு பழைய அட்டையை நோக்கிச் சில அங்குலம் தள்ளி வைத்து ஓட்டுங்கள். சில நொடிகளில் அட்டையில் ஆயில் கோடு விழ வேண்டும். விழவில்லை என்றால் நிறுத்தி, பேட்டரியைக் கழற்றி, 5-ஆம் படிக்குத் திரும்புங்கள்.

அடுத்து பிரேக். ஓடும்போதே இடது மணிக்கட்டால் முன்கை கார்டை முன்னே தள்ளுங்கள், கைப்பிடியை விடக் கூடாது. செயின் அந்தக் கணமே நிற்க வேண்டும். நழுவி நழுவி நின்றால் பிரேக் பட்டை தேய்ந்திருக்கிறது, அல்லது அழுக்கு. லாக் பட்டனை அழுத்தாமல் சுவிட்ச் மட்டும் அமுங்குகிறதா என்பதையும் பாருங்கள். அமுங்கினால் சர்வீஸ்தான்.

11. பேட்டரியை எடுத்து வைப்பது

மெஷினை வைப்பதில் செய்யும் தவறு துருவோடு போகும். பேட்டரியில் செய்யும் தவறு பணத்தோடு, சில நேரம் தீயோடு போகும்.

வேலை முடிந்த உடனே சார்ஜரில் போடாதீர்கள். கை வைத்தால் சூடு தெரியாத அளவுக்கு ஆறட்டும். 5 முதல் 40 டிகிரி செல்சியஸுக்குள் சார்ஜ் செய்வது நல்லது. உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்தால் செல்லுக்குள் லித்தியம் உலோகமாகப் படியும். அந்தச் சேதம் மீளாது.

இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் தொடப்போவதில்லை என்றால் சார்ஜை 40 முதல் 60 சதவீதத்தில் நிறுத்துங்கள். நான்கு விளக்கு உள்ள பேட்டரியில் இரண்டு விளக்கு. முழுச் சார்ஜில் ஒவ்வொரு செல்லும் 4.2 வோல்ட்டில் நிற்கும், அந்த அழுத்தத்தோடு வெப்பமும் சேர்ந்தால் கொள்ளளவு மாதந்தோறும் கரையும். காலியாக வைப்பது இன்னும் மோசம். செல் தானாக இறங்கும், பேட்டரிக்குள் இருக்கும் காவல் சர்க்யூட்டும் சிறிது குடிக்கும். அளவுக்கு மீறி இறங்கினால் உள்ளே செம்பு கரையத் தொடங்கும், பிறகு சார்ஜ் ஏற்றும்போது உள்ளேயே ஷார்ட் ஆகலாம். சார்ஜர் ஏற்க மறுக்கும் செத்த பேட்டரிக்கு வேறு பேட்டரியிலிருந்து ஒயர் கொடுத்து எழுப்பும் வித்தையைச் சொல்லித்தருபவர்கள் இருக்கிறார்கள். சார்ஜர் மறுப்பது இந்தக் காரணத்தால்தான். கேட்காதீர்கள்.

மெஷினிலும் விட வேண்டாம், சார்ஜரிலும் விட வேண்டாம். 10 முதல் 25 டிகிரிக்குள் இருக்கும், வெயில் படாத, உலர்ந்த அலமாரி போதும். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் வைத்தால் ஒரே கோடையில் ஆயுள் வெகுவாகக் குறையும். ஆணி, சாவி, ஸ்க்ரூ இருக்கும் டப்பாவில் பேட்டரியைப் போடாதீர்கள், முனைகளை ஒரே ஒரு ஆணி இணைத்தால் போதும். முனைக்கான பிளாஸ்டிக் மூடி இருந்தால் மாட்டிவிடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை விளக்கைப் பார்த்து, ஒன்றுக்கு இறங்கியிருந்தால் இரண்டுக்கு ஏற்றுங்கள்.

உப்பிய பேட்டரி, விரிசல் கண்டது, உயரத்திலிருந்து விழுந்தபின் சூடாகிறது, இனிப்பான கரைப்பான் வாடை வருகிறது: இவற்றை இனி சார்ஜ் செய்யக் கூடாது. புகை இல்லை என்றால் வெளியே, எரியாத தரையில், பக்கத்தில் எதுவும் இல்லாத இடத்தில் வையுங்கள். ஆறியபின் முனைகளில் டேப் ஒட்டி மின்கழிவு சேகரிப்பில் கொடுங்கள், குப்பைத்தொட்டியில் அல்ல. புகையோ சீறலோ தொடங்கிவிட்டால் அதைத் தூக்க முயலாமல் ஆட்களோடு வெளியேறித் தீயணைப்பைக் கூப்பிடுங்கள்.

12. மெஷினை எடுத்து வைப்பது

நாளை மறுபடி வேலை என்றால் துடைத்து, செயினைத் தளர்த்தி, உறை மாட்டினால் முடிந்தது. மாதக்கணக்கில் என்றால் ஆயில் டேங்கைக் காலி செய்யுங்கள். பேட்டரி செயின்சா வைத்த இடத்தில் ஆயில் குளம் கட்டுவது பெரும்பாலும் பழுது அல்ல. காடியிலும் மூடிக்குள்ளும் தங்கியது மெதுவாக வடிகிறது, டேங்கின் காற்றுத் துளை வழியாகவும் கொஞ்சம் வரும். தாவர எண்ணெய் வகை ஆயில் பயன்படுத்துபவர்கள் காலி செய்தே ஆக வேண்டும். அது நாள்பட்டால் கோந்து போல இறுகிப் பம்பைப் பிடித்துக்கொள்ளும்.

செயினைக் கழற்றி ஆயில் நனைந்த துணியில் சுருட்டி வைப்பது நல்லது. கழற்ற மனமில்லை என்றால் பிரஷால் முழு நீளமும் ஆயில் தடவுங்கள். ஸ்ப்ராக்கெட்டுக்கும் ஒரு பூச்சு. மெஷினை பிளாஸ்டிக் கவரால் இறுக்கிக் கட்டாதீர்கள். உள்ளே வியர்த்துத் துருப்பிடிக்கும், துணிப்பையே நல்லது. உரம், உப்பு, ஆசிட் வைக்கும் அறையும் வேண்டாம், அவை மின்தகடுகளைப் பச்சையாக்கும். குழந்தைகள் எட்டாத உயரம் என்பது பூட்டுக்கு மாற்று அல்ல. பூட்டுங்கள், பேட்டரி வேறு இடத்தில் இருக்கட்டும்.

13. திரும்ப எடுக்கும் நாளில்

பேட்டரியை வேலைக்கு முந்தைய நாள் முழுதாகச் சார்ஜ் செய்யுங்கள். குளிர்ந்த இடத்தில் இருந்திருந்தால் சார்ஜருக்கு முன் அறைவெப்பத்துக்கு வரட்டும். செயினை விரலால் மடக்கிப் பாருங்கள், காய்ந்த பிசினால் சில கண்ணிகள் ஒட்டியிருக்கும். கையுறையோடு செயினைப் பாரில் இரண்டு சுற்று தள்ளி ஓட்டிவிட்டு, ஆயில் நிரப்பி, இறுக்கம் பார்த்து, 10-ஆம் படியின் எல்லாச் சோதனைகளையும் செய்யுங்கள். ஆயில் கோடு முதல் முறை தாமதமாக விழும், பம்புக்குள் காற்று இருக்கும். அரை நிமிடம் ஓட்டியும் வரவில்லை என்றால் மரத்தின் பக்கம் போக வேண்டாம். துளையையும் டேங்க் ஃபில்டரையும் பாருங்கள்.